அறநெறிக் குழுவில் காய்மகாரம்

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அடிக்குறிப்பு. பெயர் வைத்தவர்கள் குருமடத்து மாணவர்கள், அதாவது பாதிரியார் ஆவதற்குப் படிக்கிறவர்கள். புறம்பேசுவது பாவம் என்று படித்துத் தேர்வும் எழுதுகிறவர்கள் ஆகையால், பெயரை அவர் காது கேட்கவே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. "இன்னிக்கு மழை வரும்போல இருக்கு" என்று தொடங்கினால், மழை என்பதை எந்தப் பொருளில் சொல்கிறார், அதற்கு மாற்றுக்கருத்து உடையவர்கள் யார் யார் என்பதையெல்லாம் விளக்கி அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மழை வந்து நின்றுவிடும்.

அவர் துறவி அல்ல. மனைவி உண்டு, முழங்கால் வலி உண்டு, மாலையில் மேசைமேல் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறி மின்விசிறி துடைக்கிற கடமையும் உண்டு. குருமடத்தில் முப்பது ஆண்டுகளாகக் கத்தோலிக்க அறநெறி இறையியல் கற்பித்தார். அவர் துறை இரண்டு பாதி கொண்டது. கருவறையிலிருந்து கல்லறை வரை மனித உடலுக்கு மருத்துவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது முதல் பாதி. அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் அதே உடலை முதலாளிகள் எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பது இரண்டாம் பாதி. இரண்டையும் சேர்த்து எழுநூற்றுப் பதினான்கு பக்கத்தில் ஒரு நூல் எழுதினார். அவர் மனைவி நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சர். அந்த நூலை மூன்று தடவை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். மூன்றாம் தடவைக்குப் பிறகு அவரும் அறநெறி இறையியலர் ஆகிவிட்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் மருத்துவமனையில் ஓர் அறநெறிக் குழு இருந்தது. புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஏழு பேர் கொண்ட அந்தக் குழு அனுமதி தர வேண்டும். பதினேழு ஆண்டுகளுக்கு முன் அதற்கு விதிமுறை எழுதியவர் அடிக்குறிப்புதான். ஏழாவது இடத்தைப் பற்றி அவர் இப்படி எழுதினார்: "மருத்துவமோ சட்டமோ இறையியலோ அறியாத பொதுமனிதர் ஒருவர்." எழுதும்போது எளியோர்பால் கொண்ட அன்பில் அவருக்குக் கண் கலங்கியது. அந்த இடத்தில் ஓர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரியை அமர்த்தினார்கள். அவர் பதினேழு ஆண்டுகளும் கூட்டத்தில் நிம்மதியாகத் தூங்கினார். வாக்கெடுப்பின்போது பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடித்தால் கையைத் தூக்குவார். இவரைப் போன்ற பொதுமனிதர் எல்லாக் குழுக்களுக்கும் வாய்க்க வேண்டும் என்று அடிக்குறிப்பு பலமுறை கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

தபால் அதிகாரி தன் மகள் ஊருக்குப் போய்விட்டார். மருத்துவமனையின் தலைமைக் கன்னியாஸ்திரீயை எல்லோரும் மதர் என்பார்கள். அவர் அடிக்குறிப்பிடம், "உங்களுக்குத் தெரிஞ்சவர் யாராவது?" என்று கேட்டார். வீட்டில் மனைவி சொன்னார்: "என் தங்கச்சி வீட்டுக்காரரைப் போடுங்களேன்."

சகலை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடிச் சில்லைச் சாணையில் தேய்ப்பதும், சட்டத்தின் காலைச் சூடுகாட்டி வளைப்பதும், "இப்போ நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்பதுமாக அவர் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. அடிக்குறிப்பு யோசித்துப் பார்த்தார். இவரைவிட ஒன்றும் தெரியாதவர் கிடைப்பது கஷ்டம். தானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஏழாவது நாற்காலியில் உட்கார வைத்தார்.

முதல் கூட்டத்தில் ஒப்புதல் படிவத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். ஆய்வில் சேரும் நோயாளி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் அது. பதினோரு பக்கம். அவற்றில் நான்கு பக்கம் மனித மாண்பைப் பற்றியது, அடிக்குறிப்பே எழுதியது. சகலை அதைக் கண்ணுக்குக் கிட்டேயும் எட்டேயும் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம். இதை யாராவது படிச்சுக் காட்டியிருக்காங்களா?"

"படிக்கிறதுக்குத்தான தம்பி படிவம்," என்றார் அடிக்குறிப்பு.

"இல்ல அண்ணே, கடையில கண்ணு பாக்குறப்போ எழுத்துப் பலகையில எந்த வரி வரைக்கும் தெரியுதுன்னு கேப்போம். இதுல எந்த வரி வரைக்கும் ஆளுங்களுக்குத் தெரியுதுன்னு பாக்கலாமேன்னு."

தேநீர் கொண்டுவந்த வார்டு பெண்மணியை உட்காரச் சொல்லி வாசிக்கச் சொன்னார்கள். அவர் மூன்றாவது வரியில் நின்றார். நாற்பதாண்டு அனுபவமுள்ள குழுத் தலைவர், ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், எல்லோரும் பெரிய டாக்டர் என்று அழைக்கிறவர், நான்காவது வரியில் நின்றார். மதர் சிரித்தார். அடுத்த மாதம் படிவம் ஒரே பக்கமாக வந்தது. மனித மாண்புக்கு அதில் இடம் போதவில்லை.

"உங்க சகலை ஒரு வரம் சார்," என்றார் மதர் அடிக்குறிப்பிடம். அடிக்குறிப்பு புன்னகைத்தார். அந்தப் புன்னகையைக் கழற்றி வைக்க வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை அவருக்கு முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை ஒவ்வொன்றும் சிறியவை. சேர்த்துப் பார்த்தால்தான் வயிறு எரியும். கூட்டத்தில் யாராவது எதையாவது சொன்னால் எல்லாத் தலையும் ஒன்றாக ஏழாவது நாற்காலிப் பக்கம் திரும்பியது. குழுவில் இருந்த வக்கீலம்மா தன் மூக்குக்கண்ணாடியைச் சகலை கடையில் மாற்றினார். குருமட அதிபர் ஒருநாள் அடிக்குறிப்பை நிறுத்தி, "உங்க சகலையை நம்ம பசங்ககிட்ட அரைமணி நேரம் பேசச் சொல்லலாமா? உங்க வகுப்பு நேரத்துலயே வச்சுக்கலாம்," என்றார். சகலை வந்தார். நாலு கண்ணாடிச் சில்லுகளையும் ஒரு பழைய படிவத்தையும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். மாணவர்கள் மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் அடிக்குறிப்பின் வகுப்பில் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்திருக்காமல் இருந்ததுதான் சாதனையாக இருந்தது.

"என் தங்கச்சி போன் பண்ணா," என்றார் மனைவி அன்று மாலை. "பசங்க அவரைச் சுத்திக்கிட்டாங்களாமே."

"பொருட்காட்சியிலகூடத்தான் சுத்திக்குவாங்க."

"ஏங்க உங்களுக்கு எரியுது?"

"எரியல. முறைமை சார்ந்த ஒரு கவலை."

பொறாமை ஏழு தலையான பாவங்களில் ஒன்று. பழைய ஞானோபதேசப் புத்தகங்கள் அதைக் காய்மகாரம் என்று சொல்லும். பிறருடைய நன்மையைக் கண்டு, அது தன் பெருமையைக் குறைக்கிறது என்று வருந்துவது. இதை அடிக்குறிப்பு ஆண்டுதோறும் ஆறு வகுப்புகளில் நடத்துகிறவர். ஆகவே தன் நோயைத் தானே நன்றாகச் சோதித்தார். சகலையின் நன்மையைக் கண்டு தான் வருந்துகிறோமா? ஆம். அது தன் பெருமையைக் குறைக்கிறதா? ஐயமில்லாமல். அப்படியானால் இது காய்மகாரமா? இல்லை, ஏனென்றால் காய்மகாரம் நியாயமற்ற வருத்தம், இதுவோ நியாயமானது. இந்த முடிவுக்கு வந்ததும் அவருக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. இருந்தாலும் பாதுகாப்புக்காக, பாவமன்னிப்புக் கேட்கும் ஒப்புரவுக் கூண்டுக்குப் போனார். சல்லடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது அவருடைய பழைய மாணவர், அவர் தாளில் தோற்று மறுதேர்வு எழுதியவர்.

"ஒருத்தர் மேல கொஞ்சம் வருத்தம் இருக்கு ஃபாதர்."

"பொறாமையா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாது. மூணு நிபந்தனை பூர்த்தியாகணும்."

"சார், நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, நிபந்தனை எண்ண ஆரம்பிச்சாலே அது பொறாமைதான்னு."

"அது வகுப்புல எளிமைக்காகச் சொன்னது."

இளம் பாதிரியார் பெருமூச்சு விட்டார். பரிகாரமாக, யார்மேல் வருத்தமோ அவரைப் பற்றி நாளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார். அடிக்குறிப்பு மறுநாள் முதல் கடைப்பிடித்தார். "என் சகலை நல்லா முடி வெட்டிக்கிறாரு," என்றார் முதல் நாள். இரண்டாம் நாளைக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இந்த நேரத்தில் பெரிய டாக்டர் தலைவர் பதவியிலிருந்து விலகப் போவதாகச் சொன்னார். பதினேழு ஆண்டுகளாக அந்த நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அடிக்குறிப்பு. அதன் மரத்தில் எந்த இடத்தில் மெருகு போயிருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். அடுத்த தலைவர் யார் என்று மதர் சொல்லவில்லை. ஆனால் சலவை அறைப் பக்கத்தில் நின்றுகொண்டு வக்கீலம்மாவிடம், "படிச்சவங்களா இருக்கணும்னு விதி ஒண்ணும் இல்லையே," என்று சொன்னது அடிக்குறிப்பின் காதில் விழுந்தது. விதியை எழுதியவர் அவர். உண்மையிலேயே அப்படி ஒரு விதி இல்லை. எளியோர்பால் கொண்ட அன்பில் விட்டுவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு நெஞ்சு டாக்டர் ஓர் ஆய்வைக் கொண்டுவந்தார். நூற்பாலையில் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சுத் தூசியால் இருமலும் மூச்சிரைப்பும் வருகிறது. அதற்குப் புதிய மாத்திரை ஒன்று. தூங்கப் போகும் முன் சாப்பிட வேண்டும், இரவெல்லாம் தூங்க வேண்டும். ஆகவே ஆலை நிர்வாகம் பெருந்தன்மையோடு ஒன்றைச் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆய்வில் சேருகிறவர்களுக்கு ஓராண்டு இரவு வேலை கிடையாது, பகல் வேலை மட்டும்தான். நாற்பத்தாறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அனுமதி கிடைத்தால் திங்கட்கிழமை கையெழுத்து.

எல்லாத் தலையும் ஏழாவது நாற்காலிப் பக்கம் திரும்பியது.

"நடுவுல ஒருத்தர் வேணாம்னு விலகினா, மறுபடி இராத்திரி வேலையா டாக்டர்?" என்று கேட்டார் சகலை.

"ஆமா. ஆய்வுல இல்லைன்னா வழக்கமான முறைதான்."

"மாத்திரை ஒத்துக்கலைன்னு சொன்னா?"

"நிறுத்திடுவோம். ஆளோட நன்மைக்குத்தான்."

சகலை கழுத்தைத் தடவிக்கொண்டார். "அப்போ ஒத்துக்கலைன்னா சொல்லுவாங்களா? இவங்க கையெழுத்துப் போடுறது மாத்திரைக்கா, தூக்கத்துக்கா?"

அறை அமைதியானது. அந்த அமைதிதான் அடிக்குறிப்பைக் கொன்றது. ஏனென்றால் சகலை சொன்னது அவருடைய நூலின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மறுக்க முடியாத நிலையில் இருக்கிறவனிடம் அவனுக்கு மிகவும் தேவையான ஒன்றைக் காட்டி வாங்குகிற சம்மதம், சம்மதம் ஆகாது என்பதை அவர் ஒன்பது பக்கத்தில், முப்பத்தொரு அடிக்குறிப்புகளோடு நிறுவியிருந்தார். அவருடைய இரண்டு பாதிகளும், உடலும் உழைப்பும், ஒன்றையொன்று தொடுகிற ஒரே இடம் அது. அதை எழுத அவருக்கு இரண்டு கோடை விடுமுறைகள் ஆயின. இவருக்கோ கழுத்தைத் தடவுகிற நேரம்.

ஆமோதித்திருக்கலாம். "இதைத்தான் நானும் எழுதியிருக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் சகலைக்குப் பின்பாட்டுப் பாடியதாக ஆகிவிடும். பின்பாட்டுப் பாடுகிறவனை யார் தலைவனாக்குவார்கள்? அடிக்குறிப்பு எழுந்து நின்றார்.

நாற்பது நிமிடம் பேசினார். அவர் வாழ்நாளிலேயே சிறந்த உரை அது என்பதை எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். புயலில் மாட்டிய மாலுமி கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிகிறான். கட்டாயத்தால் எறிகிறானா, விருப்பத்தாலா? விருப்பத்தால்தான், ஏனென்றால் எறிகிற கை அவனுடையது. தேவை விருப்பத்தை ஒழிப்பதில்லை, திசை காட்டுகிறது. தொழிலாளிக்குச் சுயமாக முடிவெடுக்கத் தெரியாது என்று நினைப்பதுதான் அவன் மாண்புக்கு இழுக்கு. "இரக்கம் என்கிற பெயரில் நாம அவங்களைச் சின்னப் பிள்ளைங்களா நடத்துறோமோன்னு எனக்குக் கவலையா இருக்கு," என்று முடித்தபோது வக்கீலம்மா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

மதர் சகலையிடம், "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"அண்ணன் சொன்னதுல பாதி எனக்குப் புரியல மதர். அண்ணன் எல்லாத்தையும் படிச்சவர். அவரே சரின்னா சரியாத்தான் இருக்கும்." கையைத் தூக்கினார். ஏழுக்கு ஏழு. அனுமதி.

வெளியே வரும்போது மதர் அடிக்குறிப்பை நிறுத்தி, "அடுத்த மாசத்துல இருந்து நீங்க அந்த நாற்காலியில உட்காருங்க சார். கடிதம் தயார் பண்ணச் சொல்றேன்," என்றார்.

வீட்டுக்கு அவர் நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். மனைவியிடம் உரையை மாலுமி உட்பட முழுதும் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார். கடைசித் துண்டையும் மடித்து வைத்தார்.

"நானூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தை எப்போ மாத்துனீங்க?"

"எது?"

"மூணு தடவை அடிச்சிருக்கேன். ரெண்டாம் தடவை அந்த மாலுமியை நீங்களே கோடு போட்டு அடிச்சுட்டு, ஓரத்துல எழுதியிருந்தீங்க, 'மாலுமிக்குக் கப்பல் சொந்தம், கூலிக்காரனுக்கு எது சொந்தம்'னு. எனக்கு அந்த வரி பிடிச்சிருந்தது." துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடிக்குறிப்பு அன்று சரியாகச் சாப்பிடவில்லை. தான் பேசியதற்கும் எழுதியதற்கும் முரண்பாடு இல்லை என்று நிறுவ நான்கு வழிகள் இருந்தன. நான்கையும் யோசித்தார். நான்கும் அவருக்கே மறுதேர்வுத் தாள்களைப் போலத் தெரிந்தன.

மறுநாள் சனிக்கிழமை. முற்பகலில் சகலை கடைக்குப் போனார். ஏன் போகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. சகலை ஏதாவது தவறாகப் பேசினால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியிருக்கலாம். கடையில் சகலை ஒருவருக்குக் வாசிப்புக் கண்ணாடி சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் கையில் ஒரு தடித்த புத்தகம். அடிக்குறிப்பு அதன் முதுகைப் பார்த்ததும் நின்றார். அவருடைய நூல்.

"வாங்க அண்ணே, உக்காருங்க," என்றார் சகலை. "ரெண்டு நிமிஷம். ம், நீங்க கீழ இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க."

"என்ன தம்பி இது?"

"உங்க புத்தகம்தான். எங்க கல்யாண நாளுக்குக் குடுத்தீங்களே. எழுத்து மூணு அளவுல இருக்குது அண்ணே, தலைப்பு, நடுவுல, அடியில. சோதிக்கிறதுக்கு இதைவிட நல்ல பலகை கிடைக்காது. அடியில இருக்கிறது தெரிஞ்சுட்டா கண்ணாடி சரின்னு அர்த்தம்."

அடிக்குறிப்பு இதற்கு என்ன உணர வேண்டும் என்பதற்கு அறநெறி இறையியலில் முன்னுதாரணம் இல்லை. பல ஆண்டு உழைப்பு. பெரிய பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்காத அந்த ஆயிரத்து நூறு அடிக்குறிப்புகளை, கண் மங்கிய ஊர் முழுதும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து உரக்க வாசித்திருக்கிறது.

நூற்பாலைக்காரர் புத்தகத்தை எட்டப் பிடித்து மெதுவாக வாசித்தார்: "களைத்துப்போனவனிடம் ஓய்வைக் காட்டி எதைக் கேட்டாலும் அவன் தலையாட்டுவான். ஆட்டுவது அவன் தலை அல்ல, அவன் களைப்பு." நிமிர்ந்தார். "தெரியுது சார், நல்லாத் தெரியுது. இதை யாரு எழுதுனது? எங்க ஆலைக்குள்ள வந்து பாத்து எழுதுன மாதிரி இருக்கு."

சகலை கையால் காட்டினார். நூற்பாலைக்காரர் எழுந்து கும்பிட்டார். அடிக்குறிப்பு முப்பதாண்டுகளில் முதன்முறையாக ஒரு வாசகரைச் சந்தித்தார்.

"கண்ணாடி வேலைக்கா?" என்று கேட்டார்.

"இல்லிங்க, திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும். கண்ண மூடிக்கிட்டுப் போடக் கூடாது, படிச்சுட்டுத்தான் போடணும்னு கடைக்காரர் சொன்னாரு."

"அந்த மாத்திரையைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"மாத்திரையைப் பத்தி நான் என்னத்த நினைக்கிறது? எட்டு வருஷமா இராத்திரி தூங்கல சார்."

"சாப்பிட்டு இருமல் அதிகமானா டாக்டர்கிட்ட சொல்வீங்களா?"

நூற்பாலைக்காரர் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார், இவ்வளவு எழுதியவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதைப் போல. "சொன்னா நிறுத்திடுவாங்களே சார்."

அவர் போன பிறகு சகலை சாணையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாது அண்ணே. இவங்க வாசிச்சு வாசிச்சுக் கேட்டுப் பழகிடுச்சு. அப்புறம் கடையில ஆள் இல்லாதப்போ மேல இருக்கிறதையும் படிச்சேன். நேத்துக் குழுவுல கேட்டதும் உங்களோடதுதான். நீங்க வேற மாதிரி சொன்னதும், படிச்சவங்களுக்கு ரெண்டும் சரியா இருக்கும்போலன்னு விட்டுட்டேன்."

அடிக்குறிப்புக்கு அந்த இடத்தில் பொறாமை தீர்ந்துபோனது என்று எழுதினால் அழகாக இருக்கும். தீரவில்லை. நம் நூலை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறானே என்று இன்னொரு கிளை விட்டது. ஆனால் சகலை கழுத்தைத் தடவுகிற கையைவிட, எட்டப் பிடித்த புத்தகமும் முடியில் ஒட்டிய பஞ்சும் அவர் கண்ணில் பெரிதாக நின்றன. திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

எடுத்த முடிவைக் குழு மறுபடி திறக்க ஒரே ஒரு வழிதான். ஆதரித்து வாக்களித்த ஒருவர், தன் மனம் மாறியதற்கான உண்மையான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வீம்புக்கு யாரும் திறக்கக் கூடாது என்பதற்காக அந்த விதியைக் கடுமையாக எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அன்று பிற்பகலே அடிக்குறிப்பு ஆறு பக்கக் கடிதத்தோடு மதரின் அறையில் நின்றார். 'புதிய தரவுகளின் வெளிச்சத்தில் மீள்சிந்தனை' என்று தலைப்பு.

மதர் முழுதும் படித்தார். "புதுசா என்ன தெரிஞ்சுது சார்?"

"கள நிலவரம்."

"நேத்துக் கூட்டத்துல உங்க சகலை சொன்னது இதைத்தான?"

"சாராம்சத்தில்."

"அப்போ நேத்தே தெரியும்." மதர் கடிதத்தை மேசைமேல் தள்ளினார். "தெரிஞ்சும் ஏன் மாத்திப் பேசுனீங்கன்னு இதுல இல்லையே. விதியில உண்மையான காரணம்னு போட்டிருக்கு. நீங்க போட்டதுதான்."

மேசைமேல் இன்னொரு தாளும் இருந்தது. அவரைத் தலைவராக நியமிக்கும் கடிதம். கையொப்பம் மட்டும் பாக்கி. அடிக்குறிப்பு இரண்டையும் பார்த்தார். வெளியே போய்ச் சலவை அறைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே படுக்கை விரிப்புகள் சுழன்றுகொண்டிருந்தன. அடிக்குறிப்பில்லாமல் ஒரு வாக்கியம் எழுதுவது எவ்வளவு கடினம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்து தாளைக் கொடுத்தார். மதர் படித்துவிட்டு நியமனக் கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார்.

ஞாயிறு பிற்பகல் அவசரக் கூட்டம். கடிதம் எழுதியவரே அதை வாசித்தால் வாசிக்கும்போதே திருத்திவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ, மதர் அதைச் சகலையிடம் நீட்டினார். சகலை சட்டைப்பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"'நூற்பாலை ஆய்வுக்கு நான் ஆதரவாக வாதாடியது தவறு. அது தவறு என்று வாதாடும்போதே எனக்குத் தெரியும். குழுவில் ஒருவர்மேல் இருந்த பொறாமையால் அப்படிச் செய்தேன்.'"

சகலை தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே அக்கறையோடு கேட்டார்.

"யார் மேல அண்ணே?"

பெரிய டாக்டர் கூரையைப் பார்த்தார். வக்கீலம்மா பேனாவைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது.

"உங்க மேலதான் தம்பி," என்றார் அடிக்குறிப்பு.

சகலை ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணனுக்கு எப்பவும் கேலிதான்." அவர் சிரிப்பைக் கண்டு மற்றவர்களும் நிம்மதியாகச் சிரித்தார்கள். பதினேழு ஆண்டுகளில் அந்த அறையில் அடிக்குறிப்பு சொன்ன மிக உண்மையான வார்த்தை நகைச்சுவையாகப் பதிவாயிற்று. அந்தச் சிரிப்பும் சகலைக்குப் போய்ச் சேர்ந்ததை அவர் கவனிக்காமல் இல்லை.

அனுமதி நிறுத்தப்பட்டது. இருமல் உள்ள எல்லோருக்கும், ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், சேர்ந்து விலகினாலும், பகல் வேலை என்று ஆலை எழுதிக் கொடுத்த பிறகே படிவம் நீட்டலாம் என்று முடிவானது. ஆலை மூன்று வாரம் முரண்டு பிடித்துவிட்டு எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு நாற்பத்தாறு பேரில் ஒன்பது பேர்தான் மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். நெஞ்சு டாக்டர் அடிக்குறிப்போடு இன்றுவரை பேசுவதில்லை. தலைவர் நாற்காலியில் வக்கீலம்மா உட்கார்ந்தார்.

அன்று கூட்டம் முடிந்து இருவரும் மருத்துவமனை வாசலுக்கு நடந்தார்கள். பாதி வழியில் சகலையின் சிரிப்பு நின்றது.

"நிஜமாவா அண்ணே சொன்னீங்க?"

"நிஜமாத்தான்."

"என்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

அடிக்குறிப்பு விரலை மடக்கினார். "ஒண்ணு, நீங்க பேசுறது எல்லாருக்கும் புரியுது. ரெண்டு, குருமடத்துப் பசங்க மணி அடிச்சும் எழுந்திருக்கல. மூணு, என் புத்தகத்தை என்னைவிட நீங்கதான் நல்லாப் படிச்சிருக்கீங்க."

"அவ்ளோதானா?"

அடிக்குறிப்பு இன்னொரு விரலையும் மடக்கினார். "நாலாவது ஒண்ணு இருக்கு. நீங்க வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்காரி அலமாரியில இருந்து பூப்போட்ட கோப்பையை எடுக்குறா. எனக்கு இருபத்தாறு வருஷமா அந்தக் காது உடைஞ்ச கோப்பைதான்."

சகலை இதை மற்ற மூன்றையும்விடத் தீவிரமாக யோசித்தார்.

"அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது அண்ணே," என்றார். "அது அண்ணி எடுத்த முடிவு."

அது எந்தக் குழுவின் அதிகாரத்துக்கும் உட்பட்டதல்ல என்பதை இறையியலர் ஒப்புக்கொண்டார்.